கீமோதெரபி: விரல் விறைப்பை மறைக்காதீர்கள்

புற்றுநோய்க்கு ஏற்றப்படும் பக்லிடாக்சல், ஒக்சாலிபிளாட்டின், வின்கிறிஸ்டின் போன்ற மருந்துகள் நரம்புகளையும் பாதிக்கின்றன. அதனால்தான் சிலருக்கு விரல்களிலும் பாதங்களிலும் விறைப்பு, எரிவு, வலி ஏற்படுகிறது.

இதை வராமல் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மாத்திரை எதுவும் இல்லை என்கிறது அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் 2020 வழிகாட்டி. நரம்புக்கு நல்லது என்று விற்கப்படும் அசிட்டைல் எல் கார்னிடின், மார்பகப் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வொன்றில் பாதிப்பைக் கூட்டியது. எனவே வைத்தியரிடம் கேட்காமல் எதையும் வாங்கிக் குடிக்க வேண்டாம்.

மருந்தைக் குறைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சிலர் விறைப்பை மறைக்கிறார்கள். ஆனால் உரிய நேரத்தில் அளவைக் குறைப்பதும், தள்ளிப்போடுவதும், மருந்தை மாற்றுவதும்தான் நரம்பைக் காக்கும் வழிகள். பாதிப்பு முற்றினால் சிலருக்கு அது நிரந்தரமாகிவிடும்.

பொத்தான் பூட்டக் கஷ்டமா? செருப்பு கழன்றதும் தெரியவில்லையா? அடுத்த கீமோவுக்கு முன்பே சொல்லுங்கள். சீனி வியாதி இருந்தால் சிகிச்சை தொடங்கும்போதே சொல்லுங்கள்.

ஒக்சாலிபிளாட்டின் ஏற்றிய நாட்களில் குளிர் பட்டாலே விரல்கள் கூசும். குளிர்பானம், ஐஸ் தவிருங்கள். வுழூவுக்கும் இளஞ்சூடான நீரே நல்லது. சூட்டை வீட்டார் ஒருவர் பார்த்துத் தரட்டும். விறைத்த விரலுக்குச் சூடு தெரியாது.