மாற்றியமைக்கப்பட்ட குறுந்தட்டு இயக்கிகளின் ஒப்பீடு

குறுந்தட்டு இயக்கி என்பது தட்டில் எண்ணிம வடிவில் பதியப்பட்ட ஒலியை லேசர் கதிரால் படித்து மீள ஒலிக்கச்செய்யும் கருவியாகும். இதன் முதல் வணிக வடிவத்தைச் சோனி நிறுவனம் 1982 அக்டோபரில் ஜப்பானில் வெளியிட்டது.

ஒலி ஆர்வலர் சிலர் உயர்தர இயக்கிகளின் மின்வழங்கி, மின்தேக்கி, செயல்பாட்டுப் பெருக்கி ஆகியவற்றை மாற்றியமைப்பர். இதனால் வெளியீட்டு மின்னழுத்தம் சிறிது உயரவும் கூடும். சற்று உரத்த ஒலி செவிக்குத் தரமான ஒலியாகவே தோன்றும். எனவே ஒலியளவைச் சமப்படுத்தாத ஒப்பீடு நம்பத்தக்கதன்று.

முறையான ஒப்பீட்டில் இரு இயக்கிகளின் வெளியீடும் ஏறத்தாழ 0.1 டெசிபெல் அளவுக்குள் சமப்படுத்தப்படும். எது ஒலிக்கிறது என்பதைக் கேட்பவரும் நடத்துபவரும் அறியார். இது இருமறைப்புச் சோதனை எனப்படும். 16 முறையில் 12 முறையேனும் சரியாகக் கூறுதல் வெறும் ஊகத்தால் அமையும் வாய்ப்பு 4 விழுக்காட்டிற்கும் குறைவு.