இரட்டுற மொழிதல் தரும் இன்பம்

திருக்கோயில் விழாக்களில் சொற்பொழிவு முடிந்ததும் அன்பர்கள் வினாக்கள் எழுப்புவது வழக்கம். அவற்றுள் அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. "இறைவன் சந்நிதியில் சொல்லை வைத்து விளையாடலாமா? சிலேடை சொல்லிக் கைதட்டல் வாங்குவது பக்தியாகுமா?" என்பதே அது. கேட்பவர் பெரும்பாலும் முதியவராக இருப்பார். அவர் குரலில் சினம் இருக்காது, வருத்தமே இருக்கும். அவ்வருத்தம் காரணமற்றது என்று நாம் தள்ளிவிடுவதற்கில்லை. ஆதலின் இப்பொருளைச் சற்றே விரிவாக ஆராய்வோம்.

சிலேடை என்பது 'சிலேஷம்' என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். தழுவுதல், ஒட்டி நிற்றல் என்பது அதன் பொருள். இரு பொருள்கள் ஒரு சொல்லில் தழுவி நிற்பதால் அப்பெயர் வந்தது. தமிழில் இதனை இரட்டுற மொழிதல் என்பர். நன்னூலார் நூலுக்குரிய உத்திகள் முப்பத்திரண்டினுள் இரட்டுற மொழிதலையும் ஒன்றாக வைத்தார். தண்டியலங்காரம் இதனை அணிகளுள் ஒன்றாகக் கொண்டு, சொல் பிரியாமலே இரு பொருள் தருவதைச் செம்மொழிச் சிலேடை என்றும், பிரித்தால் வேறு பொருள் தருவதைப் பிரிமொழிச் சிலேடை என்றும் வகுத்தது. ஆகவே இது வீதியில் பிறந்த வேடிக்கை அன்று. இலக்கணம் இருக்கை தந்து அமர்த்திய ஒன்று.

நன்னூலில் பொதுமொழி என்று ஒரு வகை கூறப்படும். தனித்து நின்று ஒரு பொருளும், பிரிந்து நின்று வேறொரு பொருளும் தரும் சொல் அது. எட்டு, வேங்கை, தாமரை என்பன அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டுகள். எட்டு என்பது ஓர் எண். அதனையே எள் + து எனப் பிரித்தால் 'எள்ளை உண்' என்று பொருள்படும். பள்ளியில் இதைக் கற்ற காலத்தில் நாமும் சிரித்திருக்கிறோம். ஆனால் இச்சொற்களை எடுத்துக்கொண்டு சிவபெருமான் திருமுன் சென்று நின்றால் அவை வேறு முகம் காட்டுகின்றன.

வேங்கை என்னும் சொல்லைப் பாருங்கள். அது புலி, அது மரம், வேம் + கை எனப் பிரித்தால் வேகின்ற கை. தாருகாவனத்து முனிவர் ஏவிய வேங்கையை உரித்து ஆடையாக உடுத்தவர் நம் பெருமான். அவரே ஒரு கையில் அனலை ஏந்தி ஆடுகிறார். நம் கையாயின் அது வேம் கை. அவர் கையோ வேகாத கை. அவர் திருக்குமாரர் வள்ளிமலைத் தினைப்புனத்தில் வேடர்கள் வரக் கண்டு நின்ற கோலமும் வேங்கைதான், அது மரம். தந்தை உடுத்ததும் வேங்கை, மைந்தர் உருவெடுத்ததும் வேங்கை என்று சொல்லும்போது இரண்டு புராணங்கள் ஒரு சொல்லின் நிழலில் வந்து அமர்ந்துவிடுகின்றன.

தாமரையும் அத்தகையதே. பிரியாதபோது மலர், தா + மரை என்று பிரிந்தால் தாவுகின்ற மான். திருமகள் கையில் இருப்பது தாமரை. சிவபெருமான் கையில் இருப்பதும் தா மரை. ஒருத்தி செல்வத்திற்குத் தலைவி. ஒருவர் ஓடேந்திப் பலிக்குச் செல்பவர். எழுதினால் இடைவெளி ஒன்றுதான் வேற்றுமை. காதால் கேட்டால் அதுவும் இல்லை. இந்த இன்பம் ஏட்டைவிடச் செவிக்கே மிகுதியும் உரியது என்பதை இங்கே குறித்துக்கொள்ளுதல் நலம்.

இவை எல்லாவற்றிலும் நம் உள்ளத்தை மிகவும் உருக்குவது 'அடி' என்னும் சிறு சொல். அடி என்றால் பாதம், பாட்டின் வரி, கீழ்ப்பகுதி, புடைத்தலும் அடியே. திருமால் பன்றி உருக்கொண்டு பாதாளம் வரை அகழ்ந்தும் காணாத அடி அப்பெருமானுடைய அடி. மதுரையில் வைகை பெருகியபோது வந்தியின் கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டுக்காக மண் சுமந்து, பாண்டியன் கைப் பிரம்பால் அவர் ஏற்றதும் அடி. தேடியவருக்குக் காட்டாத அடியை உடையவர், தேடாத மன்னனிடம் வலியச் சென்று அடி வாங்கினார். அந்த அடி அரசன் முதுகிலும் அமைச்சர் முதுகிலும் உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் முதுகிலும் பட்டது என்று புராணம் கூறும். எங்கும் நிறைந்தவர் என்பதை நூறு வாக்கியங்களால் விளக்கலாம்; அந்த விளக்கம் அறிவில் நின்றுவிடும். ஓர் 'அடி' அதனை நெஞ்சிற்கு இறக்கிவிடுகிறது. ஆவணி மூலத்தன்று இக்கதையைக் கேட்டு முதலில் நகைத்த அன்பர், மறுகணம் கண்ணைத் துடைத்துக்கொள்வதை நாம் கண்டிருக்கிறோம்.

தழுவி நிற்பது சிலேடை என்றோம். அம்மையும் அப்பனும் ஒரு திருமேனியில் தழுவி நிற்கும் மாதொருபாகன் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே உரு, வலப்பக்கம் நின்று காண்பவர்க்கு ஒரு பொருள், இடப்பக்கம் நின்று காண்பவர்க்கு மற்றொரு பொருள். சங்கரநாராயணர் திருவுருவும் அவ்வாறே. ஒன்றைக் காட்டி இரண்டை உணர்த்துவதும், இரண்டைக் காட்டி ஒன்றை உணர்த்துவதும் அவருக்கு இயல்பாயின், அவரைப் பாடும் மொழியும் அவ்வழியில் செல்வதில் வியப்பென்ன?

இனித் திருமுறைக்கு வருவோம். சொல் விளையாட்டு பக்திக்குப் புறம்பு என்பார்க்கு விடை சீகாழியில் இருக்கிறது. மூன்று வயதில் ஞானப்பால் உண்ட பிள்ளையார் பாடிய பதிகங்களுள் திருவேகபாதம் என்று ஒன்று முதல் திருமுறையில் உள்ளது. அதில் பன்னிரண்டு பாடல்கள். சீகாழிக்கு வழங்கும் திருப்பெயர்களும் பன்னிரண்டு. ஒவ்வொரு பாடலிலும் ஒரே அடி நான்கு முறை வருகிறது, அவ்வளவே பாடல். ஓதுவார் பாடும்போது சொன்னதையே சொல்வதாகத் தோன்றும். ஆனால் அந்த ஓரடி நான்கு இடத்திலும் நான்கு விதமாகப் பிரிந்து நான்கு பொருள் தருகிறது. மொழிமாற்று என்னும் பதிகத்தில் சொற்கள் இடம் மாறிக் கிடக்கின்றன. உரியதை உரியதோடு சேர்த்தால்தான் பொருள் விளங்கும். மூன்றாம் திருமுறையில் உள்ள மாலைமாற்றோ, முதலிலிருந்து படித்தாலும் இறுதியிலிருந்து படித்தாலும் எழுத்து மாறாதது. சிறு குழந்தை பொம்மையைப் பிரித்தும் சேர்த்தும் தலைகீழாக்கியும் ஆடுவது போல ஞானக் குழந்தை தமிழை வைத்து ஆடியது என்றே நமக்குத் தோன்றுகிறது. தாய் தந்தையர் எதிரில்தானே குழந்தை அச்சமின்றி ஆடும்?

பிற்காலத்தில் இவ்வாட்டம் தனி நூல்களாகவே வளர்ந்தது. தொட்டிக்கலைச் சுப்பிரமணிய முனிவர் கலைசைச் சிலேடை வெண்பா பாடினார். ஓர் ஊரில் காணப்படும் வெவ்வேறான இரண்டு பொருள்களை ஒரே சொற்றொடரால் சிறப்பித்து, அவ்வூர் இறைவனிடம் கொண்டு சேர்ப்பது இவ்வகை வெண்பாவின் போக்கு.

சிலேடை என்றதும் யாவர்க்கும் நினைவில் எழுபவர் பதினைந்தாம் நூற்றாண்டினரான காளமேகப் புலவர். திருவரங்கத்து மடைப்பள்ளியில் பணி செய்தவர், திருவானைக்காவில் அகிலாண்டேசுவரியின் தாம்பூலம் பெற்றுக் கவிமழை பொழிந்தார் என்பது செவிவழி வரலாறு. பாம்புக்கும் எள்ளுக்கும், பாம்புக்கும் வாழைப்பழத்திற்கும் பொருந்த அவர் பாடிய வெண்பாக்களை அறியாத தமிழ் மாணவர் இலர். இறைவனை இகழ்வது போலப் புகழும் நிந்தாஸ்துதியிலும் அவருக்கு நிகர் அவரே. ஆயினும் திருமலைராயன் பட்டினத்தில் சினங்கொண்டு, மண்மாரி பொழிக என்று ஊரையே சபித்தார் என்றும் அவ்வரலாறு கூறுகிறது. அவரிடத்தில் நமக்கு அளவற்ற மதிப்பு உண்டு; என்றாலும் அந்த இடத்தில் நம் மனம் அவரோடு செல்வதில்லை. சுந்தரரும் இறைவனை வைதார், பித்தன் என்றார். வசவு அம்பலத்தானை நோக்கிச் செல்லும்போது அர்ச்சனையாகிறது. அடுத்த வீட்டானை நோக்கிச் செல்லும்போது வசவாகவே நின்றுவிடுகிறது. சமயப் பிணக்குக் காலங்களில் சைவரும் வைணவரும் ஒருவரையொருவர் சிலேடையால் குத்திய கதைகளை இன்றும் சிலர் மேடையில் சுவைபடச் சொல்கிறார்கள். அவற்றை நாம் சொல்வதில்லை. கொச்சைப் பொருள் மறைந்திருக்கும் இரட்டை மொழிகளைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை. முதலில் கூறிய முதியவரின் வருத்தம் இத்தகையவற்றைக் கேட்டு வந்ததென்றால், நாம் அவர் பக்கமே நிற்கிறோம்.

புண்படுத்தாமல் சொல்லும் வழியும் உண்டு. திருமுருக கிருபானந்த வாரியார் சுவாமிகள் (1906–1993) பேசிக்கொண்டிருக்கையில் கூட்டத்தில் சிலர் எழுந்து போகத் தொடங்கினராம். சுவாமிகள் சினக்கவில்லை. அனுமனுக்குச் 'சொல்லின் செல்வன்' என்னும் பெயர் உண்டு. இவ்வூராரும் சொல்லின் செல்வர்களே என்று கூறினார் எனச் சொல்வதுண்டு. சொல் என்னும் செல்வம் உடையவர் என்பது ஒன்று. யாம் ஒன்று சொல்லின், எழுந்து செல்வர் என்பது மற்றொன்று. எழுந்தவரும் சிரித்துக்கொண்டு அமர்ந்திருப்பர் அன்றோ? கடிந்துரையைச் சர்க்கரைப் பொங்கலில் வைத்துக் கொடுத்தது போன்றது அது.

இவ்வின்பத்திற்குக் கேட்பவரும் உழைக்க வேண்டும். சிலேடையில் பாதியைச் சொல்பவர் தருகிறார். மறுபாதியைக் கேட்பவர் தம் நெஞ்சில் முடிக்கிறார். மனம் எங்கோ அலைந்துகொண்டிருந்தால் இரண்டாம் பொருள் அகப்படாது. இரவு நெடுநேரம் நீளும் சொற்பொழிவில் உறங்காமல் காப்பதும் இதுவே. சொல்லை எங்கே பிரிப்பது என்று ஒருமுறை ஆராய்ந்து கண்ட பாட்டு எளிதில் மறப்பதும் இல்லை. பதம் பிரிக்கத் தெரியாமல் நீட்டி முறித்துப் பாடினால் பொருள் எங்கோ போய்விடுகிறது. வாய்க்கு வந்த இடத்தில் மூச்சு வாங்கித் திருமுறை ஓதுவது கேட்டு நாம் பலமுறை வருந்தியிருக்கிறோம்.

திருவேகபாதத்தை அன்பர்கள் ஒருமுறை உரையோடு வைத்துக்கொண்டு ஓதிப் பாருங்கள். முதல் முறை ஓரடியைப் படித்து, உரையாசிரியர் காட்டியபடி பிரித்துப் பொருள் கொள்ளுங்கள். பின்பு உரையை மூடிவிட்டு இரண்டாம் முறை வருகிற அதே அடியை நீங்களே பிரிக்க முயலுங்கள். சீகாழித் தோணியப்பர் சந்நிதியில் அமர்ந்து செய்யும் பேறு வாய்த்தால் இன்னும் நன்று. நான்காம் முறை வருவதற்குள் விளக்கில் எண்ணெய் ஒருமுறை ஊற்ற வேண்டியிருக்கும்.