பழைய குண்டும் புது வர்ணமும்

யுத்த காலப் பொருள்களைச் சேகரிப்போர் வீட்டில் பித்தளைத் தோட்டாக் கூடு பூச்சாடியாக நிற்கும். பக்கத்தில் பளபளக்கும் பச்சை வர்ணத்தில் ஒரு பீரங்கிக் குண்டும் நிற்கும். அந்த வர்ணம் அசலா, பின்னால் பூசியதா என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேட்பதுண்டு. இரசாயனம் படிப்பதால் வந்த வினை!

இராணுவத்தில் வர்ணம் அழகுக்காகப் பூசப்படுவதன்று. குண்டினுள் இருப்பது இன்னதென்று பீரங்கிக்காரருக்கு அறிவிப்பதற்காகவே அதைப் பூசுகிறார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் கையாண்ட 25 பவுண்டர் பீரங்கியை எடுத்துக்கொள்வோம். அதன் குழல் வாய் 87.6 மில்லிமீட்டர். அதன் வெடிகுண்டுகளுக்கு யுத்தத்தின் முற்பகுதியில் மங்கிய மஞ்சளும் பிற்பகுதியில் கரும்பச்சையும் பூசினார்கள். மூக்கருகே சிவப்பு வளையம் இருந்தால், மருந்து நிரப்பியாயிற்று என்று பொருள். ஆகவே 1941 என்று முத்திரையிட்ட குண்டு கரும்பச்சையாக இருந்தால் ஐயுறலாம். உடனே மோசடி என்று கூவிவிடவும் கூடாது. கிடங்குகளில் இராணுவத்தாரே மறுபடி பூசியதும் உண்டு.

வர்ணத்தைவிட உலோகம் நம்பத்தக்க சாட்சி. செய்த ஆண்டும் செய்தவர் குறியும் அதில் அடிக்கப்பட்டிருக்கும். துப்பாக்கித் தோட்டாவின் அடியில் 'கே. எப்.' என்றிருந்தால் அது புனேயை அடுத்த கிர்க்கியில் செய்தது. அடித்த எழுத்துக்களின் பள்ளத்தை வர்ணம் தூர்த்திருக்கிறதா, துருக் குழிகளுக்குள்ளும் பளபளப்பாக இறங்கியிருக்கிறதா, இடுப்பிலுள்ள செப்புப் பட்டையையும் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். துரு முந்தியது என்றால் வர்ணம் பிந்தியது. 'எம்டன்' சென்னைமீது வீசிய குண்டு இது என்று யாரேனும் காட்டினால் வர்ணத்தைப் பார்க்கவே வேண்டாம். 1914 செப்டம்பர் 22 இரவு சுட்ட அக்கப்பலின் பீரங்கிகள் 105 மில்லிமீட்டர். அளவு பொருந்தாவிட்டால் கதையும் பொருந்தாது.

இரசாயனமும் உதவும். தாலோசயனின் நீலமும் பச்சையும் 1935-க்குப் பிறகே விற்பனைக்கு வந்தவை. முதல் உலக யுத்தக் குண்டில் அவை இருந்தால் பூச்சு பிற்காலத்தது. உதிர்ந்த ஒரு துளி வர்ணம் போதும், நம் சி. வி. இராமன் 1928-ல் கல்கத்தாவில் கண்ட ஒளிச்சிதறலே அதைக் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆனால் இதில் விலை மட்டுமன்று, உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது. புதுப் பூச்சின் அடியில் அந்தச் சிவப்பு வளையம் மறைந்திருக்கலாம். வளையம் தெரியாததால் குண்டு காலி என்றாகிவிடாது. செப்புப் பட்டையில் குழலின் வரிகள் பதிந்திருந்தால், 'சுட்டாகிவிட்டதே, இனி என்ன பயம்?' என்பார்கள். சுட்டும் வெடிக்காத குண்டுதான் எல்லாவற்றிலும் பொல்லாதது. அதைச் சுரண்டுவது, திருகுவது, தட்டிப் பார்ப்பது எதுவும் ஆகாது. பழைய வர்ணத்தில் ஈயம் வேறு இருக்கும். அதன் தூளும் நெஞ்சுக்குக் கேடு.

ஆகையால் நண்பர்களே, குண்டைத் தூக்கிக்கொண்டு என் அறைக்கு வரவேண்டாம். இருந்த இடத்திலேயே விட்டுப் போலீசுக்குச் சொல்லுங்கள். வெறுங்கூடு என்று நிபுணர் எழுதிக் கொடுத்த பிறகு, உதிர்ந்த வர்ணத் துளியோடு வாருங்கள், பார்ப்போம்.