சார்ஜில் போட்டபடியே எடை போடலாமா?

நம் பெரிய மார்க்கெட்டுக்குள் நேரு வீதிப் பக்கமிருந்து நடந்து வந்தால் இரண்டு விதமான கடைகளைப் பார்க்கலாம். ஒரு கடையில் எலக்ட்ரானிக் தராசின் ஒயர் கடை திறந்தது முதல் மூடும் வரை பிளக்கிலேயே இருக்கும். பக்கத்துக் கடைக்காரரோ, "அப்படிப் போட்டா பேட்டரி செத்துடும்ண்ணே. முழுசா இறங்கவிட்டுத்தான் சார்ஜ் ஏத்தணும்" என்பார். இதே யோசனையைச் செல்போனுக்கும் சொல்வார், பணம் வந்ததைக் கூவிச் சொல்லும் சவுண்ட் பாக்ஸுக்கும் சொல்வார்.

இந்த இருவரில் யார் சொல்வது சரி என்று நம் உறுப்பினர்கள் பலர் கேட்கிறார்கள். உள்ளே இருப்பது எந்தப் பேட்டரி என்பதைப் பொறுத்தே பதில் இருக்கிறது. ஒரே மேசையில் இருக்கும் தராசுக்கும் செல்போனுக்கும் ஒரே சட்டம் பொருந்தாது.

பழைய யோசனை எங்கிருந்து வந்தது?

"முழுக்க இறக்கி, பிறகு ஏற்று" என்பது நிக்கல்-காட்மியம் பேட்டரிக்குச் சொன்ன யோசனை. 1995-ல் நம் நாட்டில் செல்போன் சேவை தொடங்கிய காலத்துக் கருவிகளிலும், கார்ட்லெஸ் போன்களிலும் நிக்கல் வகைப் பேட்டரிகள் இருந்தன. பாதி இருக்கும்போதே அடிக்கடி சார்ஜ் போட்டால் அந்தப் பாதியையே தன் முழு அளவு போல அது நடந்துகொள்ளும் என்பார்கள். அந்தப் பேட்டரி இன்று நம் கடைகளில் அநேகமாக இல்லை. ஆனால் அதற்குச் சொன்ன யோசனை மட்டும் நிலைத்துவிட்டது, நமக்கு நஷ்டத்தையும் உண்டாக்குகிறது.

தராசுக்குள் இருப்பது ஈயம்

பெரும்பாலான மேசைத் தராசுகளில் இருப்பது 6 வோல்ட், 4 அல்லது 4.5 ஆம்பியர்-மணி அளவுள்ள, மூடி அடைத்த ஈய-அமிலப் பேட்டரி. லாரியிலும் இன்வர்ட்டரிலும் இருக்கும் பேட்டரிக்கு இது தம்பி. இந்த வகையைக் கண்டுபிடித்தவர் காஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சு அறிஞர், 1859-ல்.

ஈயப் பேட்டரிக்கு முதல் எதிரி, காலியாகக் கிடப்பதுதான். சார்ஜ் இறங்க இறங்க அதன் தகடுகளில் ஈய சல்பேட் படியும். உடனே சார்ஜ் ஏற்றினால் அது கரைந்துவிடும். நாள்கணக்கில் அப்படியே விட்டால் இறுகிவிடும். மழைக்காலத்தில் சாக்கில் கட்டிதட்டிப்போன சர்க்கரையை நினைத்துக்கொள்ளுங்கள். உதிரியாக இருந்தபோது அள்ளலாம். கல்லானபின் உடைத்தால்தான் உண்டு. இறுகிய சல்பேட்டை உடைக்க வழியில்லை. பேட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்குக் குறைந்ததுதான்.

தயாரிப்பாளர்கள் தரும் அட்டவணைகளைப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். இந்த வகைப் பேட்டரியை ஒவ்வொரு முறையும் முழுக்க இறக்கி ஏற்றினால் சுமார் 200 முதல் 250 முறை தாங்கும். பாதி இறக்கி ஏற்றினால் 400 முதல் 500 முறை. மூன்றில் ஒரு பங்கு மட்டும் இறக்கினால் ஆயிரம் முறைக்கு மேல். தினமும் முழுக்க இறக்கும் கடைக்காரர் ஒரு வருடத்துக்குள் புதுப் பேட்டரி வாங்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

ஆகவே கரண்ட் இருக்கும்போது தராசை பிளக்கில் வைத்தபடியே எடை போடலாம். தராசுக்கு வேண்டிய மின்சாரத்தை அடாப்டரே கொடுத்துவிடும்; பேட்டரி நிறைந்த நிலையில் காத்திருக்கும். இதில் ஒரு நிபந்தனை உண்டு. தராசுடன் வந்த அடாப்டராக, அல்லது அதே அளவுள்ள நல்ல அடாப்டராக இருக்க வேண்டும். கிடைத்த அடாப்டரைச் செருகினால் அளவுக்கு மீறி சார்ஜ் ஏறி, பேட்டரிக்குள் உள்ள நீர் வற்றி, பக்கங்கள் உப்பிவிடும். "பிளக்கில் வைத்ததால் பேட்டரி போனது" என்று சொல்லப்படும் கதைகளில் பல உண்மையில் அடாப்டரால் வந்தவை.

செல்போனும் சவுண்ட் பாக்ஸும் வேறு ஜாதி

செல்போன், சவுண்ட் பாக்ஸ், கார்டு தேய்க்கும் மெஷின், கையடக்க பில் மெஷின் ஆகியவற்றில் இருப்பது லித்தியம்-அயான் பேட்டரி. இது 1991-ல் விற்பனைக்கு வந்தது. இதை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

இதன் குணம் ஈயத்துக்கு நேர் எதிர். நூறு சதவீதத்தில் நிறைந்தே கிடப்பது இதற்குப் பிடிக்காது. பிதுங்கப் பிதுங்க அடைத்த மூட்டையின் தையல் போல, நிறைந்த நிலையில் உள்ளே அழுத்தம் அதிகம். அடிமட்டத்துக்கு இறங்குவதும் நல்லதல்ல. இருபதுக்கும் எண்பதுக்கும் நடுவே வைத்துக்கொண்டால் நீண்ட நாள் உழைக்கும். புதிய செல்போன்கள் பலவற்றில் எண்பதோடு சார்ஜை நிறுத்தும் வசதி செட்டிங்கிலேயே இருக்கிறது.

சார்ஜில் போட்டபடி பயன்படுத்தினால் என்ன ஆகும்? அடாப்டரிலிருந்து வரும் மின்சாரத்தில் ஒரு பகுதி போனை இயக்கும். மீதிதான் பேட்டரிக்குப் போகும். சார்ஜ் ஏற நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். ஒரு ஆர்டரை எழுதிக்கொள்வதாலோ, பணம் வந்ததா என்று பார்ப்பதாலோ பேட்டரி கெட்டுவிடாது. கெடுப்பது சூடு. சார்ஜ் ஏறும் சூடு, வீடியோ ஓடும் சூடு, தகரக் கூரையின் கீழ் கத்திரி வெயிலின் சூடு மூன்றும் சேர்ந்தால் பேட்டரியின் ஆயுள் வேகமாகக் கரையும். லித்தியம் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும்போது சார்ஜ் செய்யக் கூடாது என்பது பொதுவான வரம்பு. ஈயப் பேட்டரியும் சூட்டுக்குத் தப்பாது. 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 8 முதல் 10 டிகிரிக்கும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

இதில் நமக்கு என்ன ஆபத்து?

முதலாவது, வியாபாரம். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல், 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் என்று நம் ஊர் கண்டிருக்கிறது. ஃபெஞ்சலின்போது 24 மணி நேரத்தில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அத்தகைய நாள்களில்தான் ஜனங்கள் அரிசிக்கும் பருப்புக்கும் பாலுக்கும் கடையைத் தேடி வருகிறார்கள். கரண்ட் இல்லாத அன்று தராசு எரியவில்லை என்றால், சரக்கு இருந்தும் கடை மூடியதற்குச் சமம்.

இரண்டாவது, நாணயம். பேட்டரி இறங்கிய தராசில் எண்கள் நிலைக்காமல் தள்ளாடினால் வாடிக்கையாளர் சந்தேகப்படுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அப்படித் தள்ளாடும்போது எடை போடுவதை நிறுத்திவிடுவதே முறை.

மூன்றாவது, சட்டம். பல தராசுகளில் பேட்டரியை மாற்ற உடலைத் திறக்க வேண்டியிருக்கும். திறக்கும்போது சட்டமுறை எடையளவுத் துறையின் ஈய முத்திரை அறுபடுமானால், உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடமே கொடுக்க வேண்டும். மறுமுத்திரை பெற்ற பிறகே அந்தத் தராசில் வியாபாரம் செய்யலாம். எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை கட்டாயம் என்பது தெரிந்ததே. பேட்டரி மாற்றும் வேலையை முத்திரைக்கு முன்பே முடித்துக்கொண்டால் இரட்டைச் செலவு இல்லை.

நான்காவது, உயிர். உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. மட்டமான அடாப்டரில் சார்ஜ் ஏறும் போனை ஈரக் கையால் தொட்டால் ஷாக் அடிக்கலாம். மீன் கடை, பூக்கடை நண்பர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கடையில் கடைப்பிடிக்க வேண்டியவை

1. கரண்ட் இருக்கும்வரை தராசு பிளக்கிலேயே இருக்கட்டும். பேட்டரியில் எடை போட்ட நாளன்று இரவே சார்ஜ் ஏற்றுங்கள். முழுதும் ஏற 8 முதல் 10 மணி நேரம் ஆகலாம்.

2. மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு மணி நேரம் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அப்போதுதான் அதன் நிலை தெரியும்.

3. மீட்டர் வைத்திருப்பவரிடம் அளக்கச் சொல்லலாம். சார்ஜிலிருந்து எடுத்துச் சில மணி நேரம் கழித்து 6.4 வோல்ட்டை ஒட்டி இருந்தால் நல்லது. 6-க்குக் கீழே இருந்தால் உடனே ஏற்ற வேண்டும்.

4. உபரித் தராசைக் கோடவுனில் போட்டு வைத்தால், சார்ஜ் ஏற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் ஏற்றுங்கள்.

5. சவுண்ட் பாக்ஸை எந்நேரமும் பிளக்கில் வைக்காமல், இறங்கும்போது ஏற்றிக்கொள்ளுங்கள். செல்போனைச் சாக்கு மேலும் துணிக்கட்டு மேலும் வைத்து சார்ஜ் போடாதீர்கள். இரவில் பூட்டிய கடைக்குள் சார்ஜில் விட்டுப் போகாதீர்கள்.

6. அடாப்டர் வாங்கும்போது பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் உள்ளதா என்று பாருங்கள்.

7. உப்பிய பேட்டரியைக் குத்தவோ நசுக்கவோ கூடாது. பழைய பேட்டரியைக் குப்பையில் போடாமல் விற்றவரிடமே கொடுங்கள். அவற்றைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் கூறுகின்றன.

சுருக்கமாகச் சொன்னால், ஈயத்தை நிறைத்து வையுங்கள். லித்தியத்தை நடுவில் வையுங்கள். இரண்டையும் சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள். கடைப் பையனுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் பிளக் போடுவது பெரும்பாலும் அவன்தானே!