மறுபடி மறுபடி வந்தால்தான் ஊர்

ஆடி பிறந்தால் திருகோணமலைத் தெருக்களின் பேச்சுத் தொனி மாறிவிடும். கனடா, லண்டன், சுவிஸ், பாரிஸ் என்று போனவர்கள் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு வந்து இறங்கும் காலம் அது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கொந்தளிக்கும் கிழக்குக் கடல், இந்த மாதங்களில் குளம்போல் கிடக்கும். மேல்நாட்டுக் கோடை விடுமுறையும் நிலாவெளிக் கடலின் அமைதியும் ஒன்றாக வருவது இந்த மாவட்டத்துக்கு வாய்த்த பேறு.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து குருநாகல், தம்புள்ளை, ஹபரணை தாண்டி வரும் வான், கந்தளாயில் சட்டித் தயிர் வாங்க நிற்கும். பிறகு கோணேசர் கோயில், கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்கள், கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள், புறாமலைக்குப் படகு. முதல் தடவை வரும் பிள்ளைக்கு இவையெல்லாம் வெறும் காட்சி. அடுத்தடுத்த தடவைகளில்தான் எந்தக் கிணற்றில் சூடு கூட என்று அந்தப் பிள்ளையே மற்றவர்களுக்குச் சொல்கிறது. பெரியம்மா வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை பிடிக்கிறது, கோபம் ஆறுகிறது, அவர்கள் விடும் பகிடிக்குச் சிரிக்கிறது. ஒரு முறை வந்து போனால் அது சுற்றுலா. மறுபடி மறுபடி வந்தால்தான் ஊர்.

அறுந்தும் தொடர்ந்த வரவு

1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பிறகு நாட்டை விட்டுப் போனவர்களில் பலருக்கு நெடுங்காலம் திரும்பி வர வழியே இருக்கவில்லை. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தான பிறகு குடும்பங்கள் வரத் தொடங்கின. அம்மம்மாவையும் அப்பப்பாவையும் புகைப்படத்தில் மட்டுமே கண்ட பிள்ளைகள் பலர் அவர்களை நேரில் பார்த்தது அப்போதுதான்.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இந்தக் கரையையும் அடித்துப் போனது. 2006இல் மாவிலாறு மதகில் தொடங்கிய மோதல் முழுப்போராக வெடித்தது. வெருகல், ஈச்சிலம்பற்று மக்கள் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கும் ஓடினார்கள். 2009இல் போர் முடிந்த பிறகு வரவு மீண்டும் கூடியது. 2020இல் பெருந்தொற்று விமான நிலையத்தை மூடியது. 2022இல் எரிபொருள் வரிசைகள் வீதிகளை அடைத்தன. இத்தனை தடைக்குப் பிறகும், வழி திறந்தவுடன் பயணச்சீட்டு எடுத்தவர்கள்தான் இந்த உறவைக் காப்பாற்றினார்கள்.

இலங்கைத்துறை வரை வாருங்கள்

வருகிறவர்களில் பெரும்பாலோர் நகரத்தோடும் நிலாவெளியோடும் நின்றுவிடுகிறார்கள். கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே மூதூர், சம்பூர், ஈச்சிலம்பற்று, இலங்கைத்துறை முகத்துவாரம் என்று இன்னொரு திருகோணமலை இருக்கிறது. முன்பு அங்கே போவதென்றால் மூதூருக்கு லோஞ்ச் ஏற வேண்டும், அல்லது கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை பாதைப் படகுக்குக் காத்திருந்து கடக்க வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறந்தது. மற்றத் துறைகளுக்கும் பின்னர் பாலங்கள் வந்தன. தூரம் இன்று ஒரு சாட்டு அல்ல.

களப்பு கடலோடு சேரும் இலங்கைத்துறையில் மீன்பிடியும் வயலும்தான் வாழ்க்கை. தம்மைப் பழங்குடி மரபினர் என்று சொல்லும் தமிழ் பேசும் குடும்பங்களும் இப்பகுதியில் இருக்கின்றன. இடம்பெயர்ந்து, முகாமில் கிடந்து, திரும்பி வந்து, வெறுந்தரையிலிருந்து வாழ்க்கையைக் கட்டியவர்கள் இவர்கள். வெருகல் சித்திரவேலாயுத சுவாமி கோயில் திருவிழாவுக்கு வரும் வெளிநாட்டுப் பிள்ளைகள் இவர்களோடு ஒரு பகல் பேசினால், தங்கள் பெற்றோர் விட்டுப் போனது எது என்பதை எந்தப் புத்தகமும் இல்லாமல் விளங்கிக்கொள்வார்கள்.

கயானாவைப் பாருங்கள்

ஊரோடுள்ள போக்குவரத்து அற்றுப்போனால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்னமெரிக்காவின் கயானா சாட்சி. 1838க்கும் 1917க்கும் இடையில் ஏறத்தாழ 2 இலட்சத்து 40 ஆயிரம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சென்னையிலிருந்து கப்பலேறிய தமிழரும் அவர்களில் இருந்தார்கள். ஒரு பகுதியினர் திரும்பினார்கள். தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளுக்கு விடுமுறைக்கு ஊர் வந்து போகும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. மாரியம்மன் இன்றும் அங்கே இருக்கிறாள், தப்பும் அடிக்கிறார்கள். ஆனால் தமிழ் வீட்டுப் பேச்சாக இல்லை. தெய்வத்தைக் கப்பலில் கொண்டுபோய்க் காப்பாற்ற முடிந்தது. பேச்சைக் காப்பாற்ற, பேசப் போய் வரும் ஒரு வீடு வேண்டியிருந்தது.

நமக்கு அந்த வீடு இன்னும் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் இருக்கும் அம்மம்மாவுக்கு வயது போகிறது. அவருக்குப் பிறகு பிள்ளைகள் யாரைப் பார்க்க வருவார்கள்? அதற்கான விடையை இப்போதே உண்டாக்க வேண்டும். ஹோட்டலில் அறை எடுக்காமல் மாமா வீட்டில் தங்குங்கள். மச்சான் மச்சாளோடு பிள்ளைகளைத் தனியே விடுங்கள். அங்கிருந்து விடைபெறும்போதே அடுத்த வரவின் மாதத்தைச் சொல்லிவிட்டுப் போங்கள்.