வெள்ளெழுத்து: கண்ணாடி வாங்குமுன் தெரிந்திருக்க வேண்டியவை

நாற்பது வயதை ஒட்டி ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் பார்வை மாற்றம் வெள்ளெழுத்து. பழைய தலைமுறையினர் சாளேசரம் என்பார்கள். மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி, பேருந்துப் பயணச்சீட்டு, வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தி ஆகியவைதான் முதலில் மங்கும். செய்தித்தாளைக் கை தானாகவே தள்ளிப் பிடிக்கும். சில ஆண்டுகளில் கையின் நீளமே போதாமல் போகும். ஊசியில் நூல் கோர்க்கப் பிள்ளைகளைக் கூப்பிடுவதும், மீனில் முள்ளெடுக்க டியூப்லைட்டுக்கு நேர்கீழே உட்காருவதும் இந்தப் பருவத்தின் அடையாளங்கள். தூரத்தில் வரும் பேருந்தின் பெயர்ப்பலகை பளிச்சென்று தெரிவதால், கண்ணில் குறை என்று பலர் ஒப்புக்கொள்வதில்லை. அச்சு சரியில்லை, வெளிச்சம் போதவில்லை என்று சொல்லியே ஓரிரு ஆண்டுகளைக் கடத்திவிடுவார்கள்.

வெளிச்சத்தைக் குறை சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. நல்ல வெளிச்சத்தில் கண்மணி சுருங்குவதால் உருவம் கூர்மையாக விழுகிறது. காலையில் வாசலில் உட்கார்ந்து படிக்க முடிந்தவர் அதே பக்கத்தை இரவில் படிக்கத் திணறுவது இதனால்தான். ஆனால் மூல காரணம் விளக்கில் இல்லை, கண்ணுக்குள் இருக்கும் வில்லையில் இருக்கிறது. கிட்டத்தில் உள்ளதைப் பார்க்கும்போது இந்த வில்லை தடித்து வளைய வேண்டும். வயது ஏற ஏற அது இறுகி, வளையும் தன்மையை இழக்கிறது. பள்ளிப்பிள்ளை மூக்குக்கு எதிரே புத்தகத்தை வைத்துக்கொண்டும் படித்துவிடும். ஐம்பதைத் தாண்டியவருக்கு அதே எழுத்து ஒரு முழம் தள்ளினால்தான் தெளிகிறது. சரிசெய்யத் தேவைப்படும் பவர் பொதுவாக நாற்பதுகளின் தொடக்கத்தில் +1.00 அளவில் இருக்கும். ஐம்பதில் +2.00 வரை ஏறி, அறுபது வாக்கில் +2.50 அருகே ஏறக்குறைய நின்றுவிடும்.

இது நோயல்ல. கண்ணாடி போடுவதால் பவர் கூடுவதில்லை, போடாமல் இருப்பதால் கண் கெட்டுவிடுவதும் இல்லை. “ஒருமுறை போட்டால் கழற்ற முடியாது” என்ற அச்சத்துக்குக் காரணம், கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் வில்லை தன் போக்கில் இறுகிக்கொண்டே போவதுதான். கண் பயிற்சிகளால் அந்த இறுக்கத்தைத் தளர்த்த முடியாது. கண்ணில் தேன் விடுவதும் விளக்கெண்ணெய் விடுவதும் இதற்குப் பயன் தராது. சுத்தமில்லாத எதைக் கண்ணில் விட்டாலும் கிருமித் தொற்று வரலாம். தூரம் மங்கும் கிட்டப்பார்வைக் குறைக்குச் சிறு வயதிலிருந்தே கண்ணாடி போட்டவர்களுக்கு மட்டும் இங்கே ஒரு சலுகை உண்டு. அவர்களில் பலர் கண்ணாடியைக் கழற்றிவிட்டாலே கிட்டத்தில் உள்ளதைப் படித்துவிடலாம்.

2015 நிலவரப்படி உலகில் சுமார் 180 கோடிப் பேருக்கு வெள்ளெழுத்து இருந்ததாகவும், அவர்களில் 82 கோடிக்கும் மேற்பட்டோர் தகுந்த கண்ணாடி இல்லாமல் பார்வைக் குறையுடன் வாழ்ந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. படிக்கிறவர்களின் பிரச்சினையாக மட்டும் இதைப் பார்ப்பது தவறு. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 751 தொழிலாளர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வு 2018-இல் வெளியானது. கிட்டப் பார்க்கும் கண்ணாடி பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் அளவு, பெறாதவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. வங்கதேசக் கிராமங்களில் நடந்து 2024-இல் வெளியான இன்னோர் ஆய்வு, கண்ணாடி கிடைத்தவர்களின் மாத வருமானம் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்ததைக் காட்டியது. தையல்காரர், பூக்கட்டுபவர், நெசவாளி, பொற்கொல்லர், அரிசியில் கல் பொறுக்குபவர் என்று கிட்டப்பார்வையை நம்பிப் பிழைப்பவர்கள் ஊருக்கு ஊர் உண்டு. அவர்களுக்குக் கண்ணாடி ஒரு தொழில் கருவி.

இவ்வளவு எளிதில் தீரும் குறையில் ஆபத்து எங்கே வருகிறது? கண் பரிசோதனையைத் தாண்டிக் குதிப்பதில் வருகிறது. வெள்ளெழுத்து தலைகாட்டும் வயதும், சத்தமில்லாமல் பார்வையைத் தின்னும் நோய்கள் தொடங்கும் வயதும் ஏறத்தாழ ஒன்றுதான். அவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது கண் நீர் அழுத்த நோய். இதன் பரவலான வகையில் வலியும் இல்லை, சிவப்பும் இல்லை. பார்வை ஓரங்களிலிருந்து குறைந்து வரும்; நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாக இருப்பதால் நோயாளிக்கே தெரியாது. போன பார்வை திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்ற மட்டுமே முடியும். பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இந்நோய் இருந்தால் வாய்ப்பு அதிகம். இன்னொரு வகை திடீரென்று தாக்கும்: கடும் தலைவலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் போன்ற வளையம். பித்தம், ஒற்றைத் தலைவலி என்று நினைத்து மாத்திரை போட்டுப் படுத்துவிடுவது இங்கே பெரிய தவறு. சில மணி நேரத்துக்குள் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு விழித்திரையில் ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கும்போது பார்வை பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். அதனால்தான் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் என்று தெரிந்த உடனேயே ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் ஒருமுறையும் விழித்திரையைப் பார்க்கச் சொல்கிறார்கள். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணாடி பவரும் ஏறி இறங்கும். சில மாதங்களுக்குள் பவர் மாறிக்கொண்டே போகிறவர், புதுக் கண்ணாடிக்குச் செலவழிப்பதற்கு முன் ரத்தத்தில் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டில் சந்தோஷமாகக் கொண்டாடப்படும் ஓர் அறிகுறியும் உண்டு. ஆண்டுக்கணக்கில் கண்ணாடி போட்டுப் படித்த பெரியவர் திடீரென்று கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிப்பார். பார்வை திரும்பிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசுவார்கள். பெரும்பாலும் அது கண்புரை முற்றிவருவதன் விளைவு. வில்லை அடர்ந்து கிட்டப்பார்வை கூடியிருக்கும், தூரம் மங்கியிருக்கும். தாமதமின்றிப் பார்க்க வேண்டிய வேறு அறிகுறிகள்: கண்முன் திடீரெனக் கரும்புள்ளிகள் நிறைய மிதப்பது, மின்னல்போல் ஒளி வெட்டுவது, ஓரத்தில் திரை இறங்கியதுபோல் மறைப்பது, ஜன்னல் கம்பிகள் வளைந்து தெரிவது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தால் மட்டுமே இவற்றில் சில பிடிபடும். மாதம் ஒருமுறை அப்படிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

ரெடிமேட் கண்ணாடியைப் பற்றி ஒருதலையாகப் பேச வேண்டியதில்லை. இரு கண்ணிலும் ஒரே பவர், சாய்வுப்பார்வைக் குறை (அஸ்டிக்மாடிசம்) இல்லை என்று பரிசோதனையில் உறுதியானவருக்கு அது போதும், மலிவும்கூட. மற்றவர்களுக்குத் தலைவலியும் கண் சோர்வும் வரும். கண்ணையே கெடுத்துவிடும் என்ற பேச்சு மிகை. நடைபாதையில் நான்கைந்து போட்டுப் பார்த்து ஒன்றை எடுத்துக்கொண்டு, “கண் சரியாகிவிட்டது” என்று பரிசோதனையைப் பத்து ஆண்டுகள் தள்ளிப்போடுவதுதான் உண்மையான கேடு. கண் சிவந்தால் மருந்துக்கடையில் தானாகவே சொட்டு மருந்து வாங்கிப் போடுவது இதைவிட மோசம். ஸ்டீராய்டு கலந்த சொட்டுகள் அப்போதைக்குச் சிவப்பை அடக்கும். தொடர்ந்து போட்டால் கண் அழுத்தத்தையும் புரையையும் கொண்டுவரும்.

கண்ணாடியே வேண்டாம் என்னும் விளம்பரங்களையும் ஆற அமரப் படிக்க வேண்டும். கண்மணியைச் சுருக்கி, கிட்டப்பார்வையைச் சில மணி நேரம் தெளிவாக்கும் பைலோகார்பின் சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2021-இல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 2024 ஆகஸ்டில் இதேபோன்ற ஒரு மருந்துக்கு ஒப்புதல் வந்தது. வாசிப்புக் கண்ணாடியின் தேவையைக் குறைக்கும் என்று, ஒப்புதல் பெறாத கூற்றுகளுடன் அது விளம்பரப்படுத்தப்பட்டதால், மறு மாதமே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த அனுமதியை நிறுத்திவைத்தது. மருத்துவர் சீட்டின்பேரில் மட்டும் தர வேண்டிய மருந்து, தொலைக்காட்சிச் செய்தியில் அதிசயமாகிவிட்டது. நீல ஒளியைத் தடுக்கும் பூச்சும் இந்த வரிசையில் வருவதுதான். 17 ஆய்வுகளைத் தொகுத்து 2023-இல் வெளியான, காக்ரேன் என்னும் மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, அந்தப் பூச்சு குறுகிய காலத்தில் கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றது. கணினி முன் உட்காருபவர் அவ்வப்போது தலையை உயர்த்தி ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதற்குச் செலவே இல்லை.

கடையில் வாங்கும்போது கண்ணாடி ஒரு பொருள். பவர் பார்ப்பது ஒரு சேவை. காசு கொடுத்துப் பெறும் இரண்டுமே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் அடங்கும். முற்றிலும் இலவசமாகக் கிடைக்கும் சேவை மட்டும் அதற்கு வெளியே. பில் தர மறுப்பது இச்சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படியே. “விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது” என்று சுவரில் ஒட்டிய அட்டை, தவறான பவரில் செய்த லென்சைக் காப்பாற்றாது. பழக ஓரிரு வாரம் பிடிக்கும் என்று கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான், குறிப்பாக மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறும் ‘புரோகிரசிவ்’ லென்சில். அதன் கீழ்ப்பகுதி படிப்பதற்கானது என்பதால், படிக்கட்டில் இறங்கும்போது படிகள் கலங்கித் தெரிந்து கால் தவறும். இதைக் கடைக்காரர் சொல்ல வேண்டும், பலர் சொல்வதில்லை. தலையைக் குனிந்து லென்சின் மேல்பகுதி வழியாகப் படியைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் தலை சுற்றினால், சீட்டில் உள்ள பவரும் லென்சின் பவரும் ஒன்றா, இரு கண்மணிகளுக்கிடையே உள்ள தூரம் சரியாக எடுக்கப்பட்டதா என்று சரிபார்க்கக் கேட்கலாம். லென்சின் பவரை அளக்கும் கருவி பெரும்பாலான கண்ணாடிக் கடைகளில் உண்டு.

பரிசோதனைச் சீட்டை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பவரைச் சொல்லாமல், “இங்கேயே கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்” என்று வற்புறுத்தும் இடத்தில் மறுத்துவிட்டு எழுந்து வரலாம். மருத்துவ ஆவணங்களை நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவர் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. விலையிலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது: பார்வைக் குறையைச் சரிசெய்யும் கண்ணாடி, பிரேம், லென்ஸ் ஆகியவற்றுக்கான ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. பவர் இல்லாத குளிர்கண்ணாடிக்கு இது பொருந்தாது. பில்லில் பழைய விகிதம் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது வாங்குபவரின் வேலை.

ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நாற்பதைக் கடந்தவர் உரிமம் பெறவும் புதுப்பிக்கவும் மருத்துவர் தரும் படிவம் 1ஏ சான்றிதழ் வேண்டும். பார்க்காமலே கையெழுத்து வாங்கிக்கொள்வது சுலபம். ஆனால் முறையாகச் செய்தால் சிலருக்கு அதுவே முதல் கண் பரிசோதனையாக இருக்கும்.

காசில்லாதவர்கள் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடத் தேவையில்லை. 1976-இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் முதியோருக்கான வாசிப்புக் கண்ணாடி இலவசமாக வழங்க வழி உண்டு. அரசு மருத்துவமனைகளின் கண் பிரிவுகளிலும், கண் மருத்துவ உதவியாளர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பவர் பார்க்கலாம். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819 முதல் இயங்கி வருகிறது. 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, சிற்றூர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பார்வை மையங்களை நடத்துகிறது. அங்கு வருபவர்களை இணையவழியில் மருத்துவர் பார்த்துச் சொல்கிறார். முகாமுக்குப் போவதானாலும் பவர் மட்டும் பார்த்துத் திரும்பாமல், கண் அழுத்தத்தையும் விழித்திரையையும் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும்.

சரியான கண்ணாடி அமைந்த முதல் வாரம், நடுவயதில் அபூர்வமாகக் கிடைக்கும் லாபக்கணக்கு. ஊசி ஒரே முயற்சியில் நூலை வாங்கிக்கொள்ளும். ஓட்டலில் பக்கத்து மேசையின் தட்டைப் பார்த்து ஆர்டர் செய்யாமல், விலைப்பட்டியலைப் படித்தே சொல்லலாம். வீட்டுத் தரையின் தூசியும் கண்ணாடியில் தெரியும் நரையும் கூடவே தெளிவாகத் தெரியும். அது தவிர்க்க முடியாத உபரி. பெரிய பலன் பொடி எழுத்தில் இருக்கிறது. மருத்துவக் காப்பீடு, கடன் பத்திரம் போன்றவற்றில் நடுவயதினர் போடும் கையெழுத்துகளில் பல, படிக்க முடியாமல் போட்டவை. காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள், பிடிக்காவிட்டால் திருப்பித் தரும் உரிமை உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்த முதலில் பத்திரத்தைப் படித்தாக வேண்டும்.

வாங்கிய கண்ணாடியில் குறை இருந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பலனில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை, வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்துவிட வேண்டும். எனவே பில்லையும் பரிசோதனைச் சீட்டையும் அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.