நெய்யாற்றின்கரையில் நடந்த நீரிழிவுத் தடுப்பு ஆய்வு

பெருங்கடவிளை, பாறசாலை முதலிய ஊர்களை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டத்தில், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களும் இணைந்து நடத்திய கேரள நீரிழிவுத் தடுப்பு ஆய்வு, நோயைத் தடுக்கும் பணியில் பொதுமக்களுக்கும் பொறுப்பளித்தது.

60 வாக்குச்சாவடிப் பகுதிகளில் 30 முதல் 60 வயது வரையிலான 1,007 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோருக்கு நீரிழிவு உண்டா என்னும் நான்கையும் மதிப்பிட்டு நூற்றுக்கு 60 அல்லது அதற்கு மேல் பெறுவோரை அபாயத்தில் இருப்போராகக் கொள்ளும், சென்னையில் உருவான அளவுகோலே அதற்குப் பயன்பட்டது. குலுக்கல் முறையில் பகுதிகள் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு அறிவுரைக் கையேடு மட்டும் தரப்பட்டது. மற்றப் பிரிவினர், பயிற்சி பெற்ற உள்ளூர்த் தலைவர்கள் வழிநடத்த, ஓராண்டுக்காலம் குழுக்களாகக் கூடி உணவு, உடற்பயிற்சி, புகை, மது ஆகியவற்றைப் பற்றிக் கலந்து பேசினர்.

2018இல் வெளியான முடிவின்படி, ஈராண்டுகளில் கையேடு பெற்றோரில் 17.1 விழுக்காட்டினருக்கும் குழுவினரில் 14.9 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்தது. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவினதே என்பதால், நோய் குறைந்தது என ஆய்வாளர்கள் உறுதி கூறவில்லை. எனினும் குழுவினரிடையே காய்கனி உண்பது கூடி, மதுப்பழக்கம் குறைந்தது.

எதிர்பார்த்த வெற்றி கிட்டாதபோதும் முடிவை மறைக்காமல் வெளியிடுவதே மக்களுக்குப் பயன்படும் ஆய்வு நெறி.